விளக்கு போட்டதும் முதலில் யார் பேசுவது? படம் பார்த்துப் பேசும் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நாலைந்து பேராகவோ நாற்பது ஐம்பது பேராகவோ கூடி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசும் வட்டங்களை நடத்துகிறவர்கள் நீங்கள். எந்தப் படம் என்று முடிவு செய்வது, எல்லாருக்கும் சொல்லி அனுப்புவது, படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்கி வைப்பது, யாராவது நீட்டி முழக்கினால் பக்குவமாக நிறுத்துவது, எல்லாம் உங்கள் தலையில்தான். சம்பளம் இல்லாத வேலை. அதை விடாமல் செய்கிற உங்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் ஒன்றைக் கேட்கிறேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் முதலில் யாரைப் பேச விடுகிறீர்கள், என்ன கேள்வியோடு ஆரம்பிக்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் கேட்கிறேன் என்பது புரியும். பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வட்டத்துக்குப் புதிதாகப் போயிருந்தேன். அன்று ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. 1953இல் வந்த படம். பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வருகிறார்கள் வயதான அப்பாவும் அம்மாவும். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவிதான் வேலைக்கு லீவு போட்டு அவர்களைச் சுற்றிக் காட்டுகிறாள். படம் முடிந்ததும், "ஆளுக்கு ஒரு வரி. பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார்கள். என் முறை வந்தது. "படம் ரொம்ப மெதுவாகப் போகிறது, ஆனால் கடைசியில் அந்தப் பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பது மனதை விட்டுப் போகவில்லை" என்றேன். 'மெதுவாக' என்ற சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். அவர் சிரித்ததும் இன்னும் சிலர். பக்கத்தில் இருந்தவர், உலகத்தின் தலைசிறந்த படங்களின் பட்டியலில் இது எத்தனையாவது என்று சொல்லி, எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சினிமாவை உயிராக நேசித்தவர்கள், என்னைவிடப் பல மடங்கு படம் பார்த்தவர்கள். ஆனாலும் அதற்கப்புறம் இரண்டு மாதம் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு போவதையே விட்டுவிட்டேன். ஓசுவின் பெயரைக் கேட்டாலே அந்தச் சிரிப்புதான் காதில் விழும். எட்டு வருடம் அவருடைய ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒரு இயக்குநரையே பறித்துவிடும் அளவுக்கு ஒரு நிமிடப் பேச்சுக்கு வலு இருக்கிறது. உங்கள் வட்டத்திலும் யாரோ ஒருவர் கடைசி வரிசையில் இப்படி மௌனமாகிக்கொண்டிருக்கலாம்.

என்னை மீட்டது இன்னொரு பேச்சு. ஐந்து பேர் சேர்ந்தோம். ஒருவர் செவிலியர், ஒருவர் தச்சு வேலை செய்பவர், ஒருவர் கணக்கு ஆசிரியை, ஒரு கல்லூரி மாணவர், அப்புறம் நான். சினிமாவைப் படித்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஒரு இயக்குநரை எடுத்தால் குறைந்தது மூன்று படம், முடிந்தவரை வந்த வரிசையில் பார்ப்பது, நடுவில் யாரும் மார்க் போடக் கூடாது என்று மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். மாணவர்தான் ஓசுவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். எனக்குத் தயக்கம். சரி என்று தலையாட்டினேன்.

'லேட் ஸ்பிரிங்' (1949), 'எர்லி சம்மர்' (1951), அதற்கப்புறம் 'டோக்கியோ ஸ்டோரி'. மூன்றிலும் செட்சுகோ ஹரா நடித்திருக்கிறார், மூன்றிலும் அவர் பெயர் நொரிகோ, மூன்றும் வேறு வேறு பெண்கள். கூடவே மூன்றிலும் சிஷு ரியூ என்ற நடிகர். முதல் படத்தில் ஹராவுக்கு அப்பா, இரண்டாவதில் அண்ணன், மூன்றாவதில் மாமனார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் அந்த முதியவராக நடித்தபோது ரியூவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தனியாக ஒரு படத்தைப் பார்த்திருந்தால் இதெல்லாம் வெறும் தகவல். வரிசையாகப் பார்த்தபோது, அதே இரண்டு முகங்கள் உறவு மாறி மாறி ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரிந்தது. யார் யாரை விட்டுப் பிரிந்து போவது, பிரியும்போது எதைச் சொல்லாமல் விடுவது என்ற கேள்வி அது.

தச்சு வேலை செய்யும் நண்பர் இரண்டாவது படத்தின்போதே ஒன்றைப் பிடித்துவிட்டார். "கேமராவைத் தரையிலிருந்து ரொம்பக் கீழேயே வைத்திருக்கிறார். நம்மையும் அவர்களோடு பாயில் உட்கார வைத்துவிட்டார்" என்றார். ஆசிரியை, ஆட்கள் எழுந்து போன பிறகும் காலி அறையைப் படம் சில நொடி பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். எட்டு வருடங்களுக்கு முன் நான் 'மெதுவாகப் போகிறது' என்று சொன்னது இதைத்தான். நான் பார்த்தது தப்பில்லை, பாதியில் நின்றிருந்தது. அன்று யாராவது, "எந்த இடத்தில் மெதுவாகத் தெரிந்தது?" என்று கேட்டிருந்தால் அந்தக் காலி அறையில் போய் நின்றிருப்பேன்.

'லேட் ஸ்பிரிங்'கில் ஒரு இடம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அப்பாவும் மகளும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம். இரவு, விடுதி அறை. மகள் ஏதோ பேசுகிறாள், அப்பா தூங்கிவிட்டார். அவள் புன்னகைக்கிறாள். படம் அறையின் மூலையில் இருக்கும் ஒரு பூஜாடியைக் காட்டுகிறது. திரும்ப அவள் முகத்துக்கு வரும்போது கண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் பூஜாடி. இந்த ஜாடி எதற்கு என்பதில் பெரிய விமர்சகர்களே இன்றுவரை ஒத்துப்போனதில்லை. எங்களுக்கு அந்த விவாதம் எதுவும் அப்போது தெரியாது. செவிலியர் சொன்னார்: "வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்கள் உடைந்து போகும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்கள் அழுவதற்கு இடம் கொடுக்க வேண்டுமே. இவரும் அதைத்தான் செய்கிறார்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓசுவைப் பற்றி அதற்கப்புறம் எத்தனையோ படித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் கொடுத்ததை வேறு எதுவும் கொடுக்கவில்லை.

அதனால்தான் முதலில் பேசுவது யார் என்று கேட்கிறேன். அதிகம் படித்தவர் முதலில் பேசினால், அடுத்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவருக்குப் பதில் சொல்கிறார்கள், படத்துக்கு இல்லை. அந்த இயக்குநரை முதல்முறை பார்க்கிறவர் முதலில் பேசட்டும். படித்தவர் பத்து நிமிடம் பொறுத்தால் அவர் அறிவு எங்கும் போய்விடாது. இன்னும் நல்ல இடத்தில் பயன்படும்.

அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட்டின் முதல் படமான '12 ஆங்ரி மென்' (1957) பார்த்த அன்றும் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டு ஜூரிகள், ஒரே அறை, ஒரு கொலை வழக்கு. படம் முடிந்ததும் ஆசிரியை, "போகப் போக அந்த அறை சின்னதாகிக்கொண்டே வந்ததுபோல எனக்கு மூச்சு முட்டியது" என்றார். கதையில் சூடு ஏறியதால் வந்த உணர்வு என்று நினைத்து, அதைக் கடந்து போய்விட இருந்தோம். மாணவர் மட்டும் விடவில்லை, மூன்று இடங்களைத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஆரம்பத்தில் கேமரா அவர்கள் கண்ணுக்கு மேலே இருக்கிறது, நடுவில் கண் மட்டத்துக்கு இறங்குகிறது, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுகிறது. அப்போதுதான் கூரையே படத்துக்குள் வருகிறது. படம் நகர நகர நீளமான லென்ஸ்களுக்கு மாறியதால் பின்சுவர் ஆட்களின் முதுகுக்கு மிக அருகில் வந்துவிட்டதுபோலத் தெரிகிறது. லூமெட் இதைத் திட்டமிட்டே செய்ததாகத் தன் புத்தகத்தில் எழுதியிருப்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. லென்ஸ் பற்றி ஒன்றுமே அறியாத ஆசிரியையின் மூச்சு அதை முதலிலேயே கண்டுபிடித்திருந்தது. "எனக்கு என்னவோ அப்படித் தோன்றியது" என்று யாராவது தயங்கிச் சொல்லும்போது தயவு செய்து அடுத்தவரிடம் நகர்ந்துவிடாதீர்கள். "எங்கே தோன்றியது?" என்று கேளுங்கள்.

ஒரு இயக்குநரின் உச்சத்தை மட்டும் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடும் பழக்கம் நம் வட்டங்களில் அதிகம். இந்த மாதம் ஓசு, அடுத்த மாதம் வேறொருவர் என்று. சிறந்த படத்தை மட்டும் பார்த்தால் வியக்க முடியும், அந்த மனிதரோடு பழக முடியாது. அவர் சறுக்கிய படம், சின்னப் படம், அதைவிட முக்கியமாக ஒரே கதைக்கு அவரே திரும்பி வந்த படம், இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசு 1934இல் மௌனப் படமாக எடுத்த நாடகக் குழுவின் கதையை 1959இல் வண்ணத்தில் 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' என்று மறுபடி எடுத்தார். திகில் படங்களுக்குப் பேர்போன ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தை 1934இல் ஒருமுறை, 1956இல் ஒருமுறை எடுத்தார். முதலாவது திறமையுள்ள ஒரு கற்றுக்குட்டியின் வேலை, இரண்டாவது தொழில் தெரிந்தவனின் வேலை என்பது அவரே சொன்னது. எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் அவரோடு உடன்படவில்லை. ஒரு மாலை முழுக்க ஹிட்ச்காக்கோடு வாதாடினோம். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

ஹிட்ச்காக் அதைச் சொன்ன உரையாடலையே உங்கள் வட்டங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்வேன். 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ, ஹெலன் ஸ்காட் என்ற மொழிபெயர்ப்பாளரோடு ஹாலிவுட் போய், பல நாட்கள் ஹிட்ச்காக்கோடு உட்கார்ந்து பேசினார். த்ரூஃபோவுக்கு அப்போது 30 வயது, ஹிட்ச்காக்குக்கு 63. அந்தப் பேச்சு 1966இல் புத்தகமாக வந்தது. ஹிட்ச்காக்கைத் திகில் காட்டிப் பணம் பண்ணுகிறவர் என்று பலர் ஒதுக்கி வைத்திருந்த காலம். த்ரூஃபோ அவருடைய மேதைமையை நிரூபிக்க வாதம் செய்யவில்லை. முதல் படத்திலிருந்து வரிசையாகப் போய், இந்த இடத்தை எப்படிச் செய்தீர்கள், இது ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். 'சஸ்பிஷன்' (1941) படத்தில் கேரி கிரான்ட் ஒரு தம்ளர் பாலைக் கையில் ஏந்தி இருட்டு மாடிப்படியில் ஏறி வருவார். அந்தப் பாலில் விஷம் இருக்குமோ என்று நாம் பயப்படுவோம். நம் கண் அந்தத் தம்ளரை விட்டு நகராமல் இருக்க, பாலுக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கை வைத்தேன் என்கிறார் ஹிட்ச்காக். இவர் பெரிய இயக்குநரா இல்லையா என்று கேட்டிருந்தால் அந்த விளக்கு வெளியே வந்திருக்காது.

அடுத்து, வகைமைகள். ஜானர் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது. ஒரு படத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடுவதற்கே பெரும்பாலும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். "அது வெறும் பேய்ப் படம்", "அது காதல் படம், பேச என்ன இருக்கிறது" என்று. வகைமை என்பது படம் பார்க்கிறவர்கள் பேசிப் பேசி உண்டாக்கிய ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம். 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அமெரிக்கப் படங்கள் பிரான்சுக்கு வரவில்லை. போர் முடிந்து 1946இல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இண்டெம்னிட்டி' (1944), 'லாரா' (1944) போன்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பாரீஸ் திரைகளுக்கு வந்தன. அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு அவற்றில் ஒரு பொதுவான இருட்டு தெரிந்தது. விமர்சகர் நினோ ஃப்ராங்க் அவற்றை 'கறுப்புப் படங்கள்' என்ற பொருளில் அப்படி அழைத்தார். அவற்றை எடுத்தவர்கள் ஏதோ குற்றக் கதை எடுப்பதாகத்தான் நினைத்திருந்தார்கள். வரிசையாகப் பார்த்துப் பேசியவர்களின் கண்ணில்தான் அந்த வகைமை பிறந்தது. உங்கள் வட்டத்திலும் அது நடக்கலாம். மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, இவற்றை எது சேர்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வகைமை நாடு விட்டு நாடு போவதைப் பின்தொடர்வதும் அலாதியான அனுபவம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் வெஸ்டர்ன் படங்களை, அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக வரும் கௌபாய் படங்களை, பார்த்து வியந்தவர். குரோசாவா எடுத்த சாமுராய் (ஜப்பானிய வாள்வீரர்) படம் 'யோஜிம்போ' (1961). ஒரு ஊரில் அடித்துக்கொள்ளும் இரண்டு கும்பல்களுக்கு நடுவே வந்து சேரும் தனி ஆள். அதை இத்தாலியில் செர்ஜியோ லியோனி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) என்று வெஸ்டர்னாக்கினார். அனுமதி வாங்காததால் சட்டப் பிரச்சினை வந்து, பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. திருட்டு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அதே கதையில் வாள் இருந்த இடத்தில் துப்பாக்கி வந்ததும் மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் எப்படி மாறுகிறது, காத்திருப்பு எப்படி நீள்கிறது என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

நம் படங்களிலும் இந்த வழி உண்டு. பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே' கொடுத்தார். அடுத்த வருடமே 'சிகப்பு ரோஜாக்கள்'. முன்னதில் வயல்வெளியும் ரயில் நிலையமும், பின்னதில் பங்களாவும் கொலைகளும். சப்பாணியாக வந்த கமல்ஹாசன்தான் அந்தக் கொலைகாரனாகவும் வருகிறார். ஒரே இயக்குநரின் கைதானா இது என்று தேடிப் பாருங்கள். எங்கள் மாணவர், இரண்டு படங்களிலும் ஒரு ஆணின் மனது சிறு வயதில் எப்படி முடங்கியது என்ற கேள்விதான் இருக்கிறது என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் அதன்பின் என்னால் அந்தப் படங்களைத் தனித்தனியாக யோசிக்க முடியவில்லை. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் பாட்டே இல்லாமல் வந்தது. நாயகனான சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறார், மிச்சப் படம் முழுக்க அவரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வதுதான். குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தோடு சேர்த்து இதைப் போட்டால் ஒரு இரவு போதாது.

பட்டியல்களை வைத்து யாரையும் வாயடைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்து வருடங்களுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வெளியிடும் பட்டியலில் 1952இல் முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2022இல் ஷான்டால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்'. படங்கள் அப்படியேதான் இருந்தன. பார்த்தவர்களும் அவர்கள் பேச்சும் மாறின.

சின்னச் சின்னதாகச் சில வேண்டுகோள்களும் உண்டு. மார்க்கை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு ஷாட்டையோ ஒரு சத்தத்தையோ நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பிடிக்காதவரிடம் எந்த நிமிடத்தில் மனம் விலகியது என்று கேளுங்கள், பெரும்பாலும் இயக்குநர் துணிந்து ஏதோ செய்த இடமாக அது இருக்கும். வாக்குவாதம் சூடானால் அந்த ஐந்து நிமிடக் காட்சியைத் திரும்பப் போடுங்கள். நாம் நினைவில் வைத்திருப்பதும் படத்தில் இருப்பதும் எத்தனை தடவை வேறாக இருக்கின்றன!

இப்படிப் பேசியதால் என்ன கிடைக்கும் என்று யாராவது உங்களைக் கேட்டால், 1947இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிய ஒரு விளம்பர ஓவியரைப் பற்றிச் சொல்லுங்கள். 1950இல் வேலை நிமித்தமாக லண்டன் போன சில மாதங்களில் நூறு படங்களுக்கு நெருக்கமாகப் பார்த்தார், அதில் ஒன்று 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. சத்யஜித் ராய் என்ற இயக்குநருக்கு முன்னால், படம் பார்த்து நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த ராய் இருந்தார். உங்கள் வட்டத்திலிருந்து யாரும் இயக்குநராக வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு செவிலியர் ஒரு பூஜாடியைப் பற்றிப் பேசினால் எனக்குப் போதும்.

எங்கள் குழுவில் இப்போது ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் படங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1987இல் நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டைத் தேடி ஓடும் சிறுவனின் படம். 1990இல் அந்தப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. அந்தச் சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு இயக்குநர் தேடிப் போவதைச் சொல்லும் படம் 1992இல். அந்தப் படத்தின் ஒரு காட்சியைப் படமாக்குவதைப் பற்றிய படம் 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்', 1994இல். அதில் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரில், அவன் அவளை நிஜமாகவே காதலிக்கிறான், அவள் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. கடைசி ஷாட்டில் இருவரும் பச்சை வயலில் தொலைதூரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகப் போகிறார்கள். ஒரு புள்ளி இன்னொன்றை எட்டிப் பிடிக்கிறது, கொஞ்சம் நிற்கிறது, பிறகு வந்த வழியே திரும்பி ஓடி வருகிறது. என்ன சொன்னாள் என்று நமக்குக் கேட்பதில்லை.

சம்மதம் சொல்லிவிட்டாள், அந்த ஓட்டத்திலேயே தெரிகிறது என்கிறார் தச்சு நண்பர். சம்மதம் கிடைத்தவன் ஏன் அவளை விட்டுவிட்டுத் திரும்பி ஓட வேண்டும் என்கிறார் செவிலியர். நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. வருகிற சனிக்கிழமை அந்தக் கடைசி ஷாட்டை மட்டும் மறுபடி பார்க்கப் போகிறோம். புதிதாக ஒருவர் வருகிறார், கியாரோஸ்தமியின் எந்தப் படத்தையும் பார்த்ததில்லையாம். முதலில் அவர் பேசட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்களைப் போலவே படம் முடிந்ததும் எழுந்து போக மனமில்லாத ஒரு பார்வையாளர்